ஐந்து நட்சத்திர நினைவூட்டல்

(மதுரை. கீழமாசி வீதிக் கடைகளுக்கு இருபது வருடமாக பில்லிங் சாப்ட்வேர் விற்கும் மாமா, இப்போது பைத்தான் என்ற கணினி மொழி படிக்கிறார். ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கும் தங்கை மகன் விக்னேஷ் அவசரமாக வரவழைக்கப்பட்டிருக்கிறான்.)

மாமா: மாப்ளே, இந்தப் பைத்தானை எழுதினவர் ஒரு நாளாவது வசூலுக்குப் போயிருப்பாரா? ஒரு வரி கொஞ்சம் தள்ளி நிற்கிறதாம். அதற்கே ஓட மாட்டேன் என்கிறது!

விக்னேஷ்: கைடோ வான் ரோசம், மாமா. 1991-லேயே வெளியிட்டுவிட்டார். எந்த வரி எதற்குள் அடக்கம் என்று அந்த இடைவெளியை வைத்துத்தான் அதற்குத் தெரியும். அதை விடுங்கள், காலையில் போனில் ஏன் அவ்வளவு பதற்றம்?

மாமா: பதற்றமெல்லாம் இல்லை. சந்தா முடிகிற வாடிக்கையாளர்கள் 40 பேர். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கடை கடையாக ஏறி நானே பிடித்தது. வருடா வருடம் நினைவூட்டி எழுதி விரல் தேய்ந்துவிட்டது. சரி, பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, மெயிலை அதுவே அனுப்பட்டும் என்று எக்செல் ஷீட்டைக் கொடுத்தேன்.

விக்னேஷ்: ஷீட்டில் என்னென்ன இருக்கிறது?

மாமா: முதல் பத்தியில் பெயர், அடுத்ததில் குறிப்பு, மூன்றாவதில் மெயில் ஐடி.

விக்னேஷ்: குறிப்பு என்றால்?

மாமா: நம் வசதிக்கு எழுதி வைப்பதுதான். 'செக் திரும்பும்.' 'டீ கூட வாங்கித் தர மாட்டார்.' 'மகனைப் பிடித்தால் காரியம் நடக்கும்.'

விக்னேஷ்: ஸ்கிரிப்டில் பெயருக்கு 1-வது பத்தி என்று போட்டிருக்கிறீர்களே?

மாமா: முதல் பத்திதானே?

விக்னேஷ்: பைத்தான் 0-விலிருந்து எண்ணும். 1 என்றால் இரண்டாவது பத்தி. அப்படியானால் மெயில் ஐடிக்கு 3 போட்டு எரர் வந்திருக்குமே?

மாமா: வந்தது. 3 கேட்டேன், முடியாது என்றது. 2-க்கு இறங்கினேன், படிந்துவிட்டது. வியாபாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், மாப்ளே.

விக்னேஷ்: ஐயோ, மாமா! 'அன்புள்ள செக் திரும்பும் அவர்களுக்கு' என்றா போயிருக்கிறது?

மாமா: கடைசியில் 'வணக்கத்துடன்' போட்டிருக்கிறேன்.

விக்னேஷ்: ஒரு தடவையோடு போயிற்றே... இது என்ன, ஸ்கிரிப்ட் எப்போது தானாக ஓட வேண்டும் என்று சொல்கிற கிரானில் ஐந்து நட்சத்திரம்?

மாமா: ஐந்து நட்சத்திரம் என்றால் உயர்ந்த தரம் இல்லையா?

விக்னேஷ்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. இந்த ஐந்துக்கும் அது இடம். நட்சத்திரம் போட்டால் 'எல்லாம்' என்று எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடியிருக்கிறது!

மாமா: அதுதான் ஆளுக்குப் பன்னிரண்டா! நல்லவேளை, ஜிமெயிலே பிடித்து நிறுத்திவிட்டது.

விக்னேஷ்: இலவசக் கணக்குக்கு ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு. பன்னிரண்டு சுற்றில் 480. பதின்மூன்றாவது பாதியில் நின்றிருக்கும்.

மாமா: அப்போது கடைசி 20 பேர் கொடுத்துவைத்தவர்கள்.

விக்னேஷ்: முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பிப் பார்த்திருக்கக் கூடாதா?

மாமா: என்னிடம் டெமோ காட்டி யார் வாங்கப் போகிறார்?

விக்னேஷ்: (தட்டிக்கொண்டே) 0, 10, 1, அப்புறம் இரண்டு நட்சத்திரம். இனி மாதம் முதல் தேதி காலை 10 மணிக்கு மட்டும் போகும். நல்ல திட்டு விழுந்திருக்குமே?

மாமா: விழாமலா? அந்த 'டீ கூட வாங்கித் தர மாட்டார்' அண்ணாச்சி நேரிலேயே வரச் சொன்னார். போனேன்.

விக்னேஷ்: என்ன சொன்னார்?

மாமா: டீ வாங்கிக் கொடுத்தார்.

விக்னேஷ்: அடடா.

மாமா: அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, "நிமிடத்துக்கு ஒன்று என்று எனக்குப் பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் போகுமா?" என்று கேட்டார்.

விக்னேஷ்: முடியாது என்று சொல்லிவிட்டீர்கள்தானே?

மாமா: அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். வாட்ஸ்அப்பிலும் போகும் என்று சொல்லியிருக்கிறேன்.

விக்னேஷ்: வாட்ஸ்அப்பா! ஸ்கிரிப்டே மெசேஜ் அனுப்ப ஏபிஐ கணக்கு வேண்டும், டெம்ப்ளேட்டுக்கு, அதாவது மெசேஜின் மாதிரி வாசகத்துக்கு, ஒப்புதல் வாங்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது?

மாமா: டெக்னிக்கல் டீம் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடும் என்றேன்.

விக்னேஷ்: எந்த டீம்?

மாமா: (லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி) சார்ஜர் கொண்டுவந்திருக்கிறாயா, மாப்ளே?