செல்லமாகத் திட்ட ஒரு குறி வேண்டும்

எழுத்தில் பாசமாகத் திட்ட முடியவில்லை. கைபேசியில் இதைவிடப் பெரிய கொடுமை வேறு இல்லை என்பேன். நேரில் "எருமை, சாப்பிட்டியா?" என்று கேட்டால் எதிரே நிற்பவன் சிரித்துக்கொண்டே பதில் சொல்வான். அதையே தட்டி அனுப்பிப் பாருங்கள். எருமை மட்டும்தான் போய்ச் சேரும், பாசம் வழியிலேயே இறங்கிவிடும்.

என் சித்தப்பா மகன் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். வீடு திரும்பிய மறுநாளே பைக்கில் ஊர் சுற்றும் படத்தைக் குடும்பக் குழுவில் போடுகிறான். "அறிவு கெட்டவனே, ஒழுங்கா வீட்ல கிட" என்று எழுதினேன். பதறிப்போய் எழுதியது. அவனுக்கு அது புரிந்தது. ஆனால் குழுவில் அவன் மாமியாரும் இருக்கிறார். "எங்க மாப்பிள்ளையை எல்லார் முன்னாடியும் இப்படிப் பேசலாமா?" என்று சித்திக்கு போன். சித்தி அம்மாவுக்கு, அம்மா எனக்கு. மன்னிப்பு வேறு கேட்க வேண்டுமாம். எதற்கு? இதையே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாயால் சொல்லியிருந்தால், "நல்லா கேளுங்க தம்பி, நாங்க சொன்னா எங்க கேக்குறாரு" என்றிருப்பார்.

சிரிக்கிற பொம்மை போடலாமே என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். திட்டிவிட்டுப் பல்லைக் காட்டினால் அது நக்கல். கும்பிடுகிற பொம்மை போட்டால் "ஆளை விடு சாமி" என்று அர்த்தம். "போடாஆஆ" என்று இழுத்து எழுதினால் கொஞ்சம் தேறும், சரி. "அறிவு கெட்டவனே"வை எங்கே பிடித்து இழுப்பது? குரல்பதிவு அனுப்பு என்கிறார்கள். பஸ் நெரிசலில் அதை யார் காதில் வைத்துக் கேட்பது?

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று எண்ணி வைத்தார். நகை, அழுகை, அச்சம், வெகுளி, உவகை எல்லாவற்றுக்கும் சேர்த்து நம்மிடம் இருப்பது ஒரே ஆச்சரியக்குறி. அதுவும் இரவல். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. காற்புள்ளியும் கேள்விக்குறியும் அச்சோடு ஐரோப்பாவிலிருந்து வந்தவை. நம் வீட்டுத் திட்டுக்கு அவர்களா குறி செய்து தருவார்கள்?

அதனால் நானே செய்துவிட்டேன். ஆச்சரியக்குறியின் மேல்முனையைப் பிடித்து, பாட்டி பேரன் காதைத் திருகுகிற மாதிரி ஒரு திருகு. கீழே புள்ளி அப்படியே இருக்கும். பெயர் செல்லக்குறி.

இப்படிக் குறி கண்டுபிடித்தவர்கள் முன்பும் உண்டு. 1962இல் மார்ட்டின் ஸ்பெக்டர் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் கேள்விக்குறியையும் ஆச்சரியக்குறியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். 1968இல் ரெமிங்டன் தட்டச்சுப்பொறியில் அதற்குத் தனி விசையே வந்தது. 1966இல் பிரெஞ்சு எழுத்தாளர் எர்வே பஸான் அன்புக்கென்று ஒரு குறி சொன்னார்: முகம் பார்த்து நிற்கும் இரண்டு கேள்விக்குறிகள், இருவருக்கும் ஒரே புள்ளி, பார்த்தால் இதயம். என்ன அழகான யோசனை! ஒன்றும் நிலைக்கவில்லை. புது அச்சு வேண்டும், புது விசை வேண்டும் என்றால் யார் மெனக்கெடுவார்கள்?

ஜெயித்தவர் ஸ்காட் ஃபால்மன். 1982 செப்டம்பரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மின் அறிவிப்புப் பலகையில் கேலியை நிஜமென்று எடுத்துக்கொண்டு ஆட்கள் குழம்பியபோது, முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் வரிசையாகத் தட்டி ஒரு சிரிப்பு முகம் காட்டினார். எல்லார் விசைப்பலகையிலும் ஏற்கெனவே இருந்தவை. உலகமே பிடித்துக்கொண்டது.

ஆகவே எழுத்துரு வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. ஆச்சரியக்குறி போட்டுப் பக்கத்தில் ஓர் அலைக்கோடு. இரண்டும் உங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. இது இருந்தால் பாசம், இல்லையென்றால் நிஜமாகவே கோபம். சித்தி, அத்தை, சம்பந்தி வீட்டார் எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கப்புறமும் அம்மாவுக்கு போன் போட்டு மூக்கைச் சிந்தினால் தொலைத்துவிடுவேன்!~