சுவரில் செலிக் இருக்கிறார், பாண்ட்ஸ் இல்லை

2025 டிசம்பரில் ஜெஃப் கென்ட்டுக்கு பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் கதவு திறந்தது. பெரிய ஆட்டக்காரர்களுக்குச் சுவரில் வெண்கலத் தகடு வைக்கும் கூப்பர்ஸ்டவுன் மண்டபம் அது. பத்திரிகையாளர் வாக்கில் தேறாதவர்களைப் பரிசீலிக்கும் 16 பேர் கொண்ட குழுவில் 14 வாக்கு. அதே பட்டியலில் இருந்த பேரி பாண்ட்ஸுக்கு 5 வாக்குகூடத் தேறவில்லை.

இருவரும் 1997 முதல் 2002 வரை சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியில் ஒன்றாக ஆடியவர்கள். ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. 2002ல் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, கேமரா பார்க்கப் பார்க்க, இரண்டு பேருக்கும் தள்ளுமுள்ளு ஆகியிருக்கிறது. கென்ட் நல்ல ஆட்டக்காரர்தான். இரண்டாம் பேஸில் நின்று ஆடியவர்களில் அவரைவிட அதிகம் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தவர் இல்லை. அவர் உள்ளே போனதில் எனக்கு வயிற்றெரிச்சல் எதுவும் கிடையாது. ஆனால் அந்த அணியின் ஆட்டத்தை நேரில் பார்த்த யாரும் கென்ட்டுக்காக டிக்கெட் வாங்கவில்லை.

எனக்கும் பார்க்கக் கிடைத்தவர் பாண்ட்ஸ்தான். 2004ல் இந்தப் பக்கம் வேலைக்கு வந்த புதிது. கிரிக்கெட் தவிர ஒரு மண்ணும் தெரியாது. ஆபீஸ் நண்பர் ஒருவர் டிக்கெட் மிச்சமிருக்கிறது என்று ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பாண்ட்ஸ் மட்டையோடு வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. எதிரணி கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி, எழுந்து ஓரமாகப் போய் நின்றார். பிட்சர் அவரிடம் நான்கு பந்தைச் சும்மா தூக்கிப்போட்டார். அப்படி நான்கு போட்டால் முதல் பேஸ் இலவசம், அவ்வளவுதான். பாண்ட்ஸ் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தார். ரசிகர்கள் ஊளையிட்டுக்கொண்டே சுவரில் ஒரு ரப்பர் கோழியைத் தொங்கவிட்டார்கள். பயந்தாங்கொள்ளி என்று அர்த்தமாம். சச்சின் இறங்கியதும் எதிரணி கேப்டன் "ஐயா, நீங்க அடிக்கவே வேண்டாம், ஒரு ரன் வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவதை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரே சீசனில் பாண்ட்ஸை அப்படி 120 முறை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள்.

மொத்தம் 762 ஹோம் ரன். 2001ல் மட்டும் 73. இரண்டும் இன்றுவரை சாதனை. மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது ஏழு முறை.

இனி மறுபக்கம். சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தைத் தாண்டினால் பர்லிங்கேம் என்று ஒரு சின்ன ஊர். பால்கோ என்ற ஊட்டச்சத்துக் கம்பெனி அங்கேதான் இருந்தது. 2003ல் அரசு அதிகாரிகள் உள்ளே நுழைந்தபோது, சோதனையில் அகப்படாத மாதிரி தயாரித்த ஸ்டீராய்டு விளையாட்டு வீரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது வெளியே வந்தது. வழக்குப் போடலாமா என்று விசாரிக்கும் கிராண்ட் ஜூரி முன்னால் பாண்ட்ஸ் சொன்ன விளக்கம் அடுத்த வருடம் பத்திரிகையில் வந்தது: பயிற்சியாளர் கொடுத்ததை ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்துத்தான் பயன்படுத்தினாராம். எண்ணெய் தேய்த்தால் 37 வயதில் 73 ஹோம் ரன் வருமென்றால் எங்கள் ஊர் வைத்தியசாலை வாசலில் இந்நேரம் பேஸ்பால் டீமே நின்றிருக்கும். அந்த விசாரணையை ஒட்டி வந்த தண்டனையை 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்தது. அது சட்டம். என்னைக் கேட்டால், அவர் தெரிந்தேதான் எடுத்தார்.

எடுத்தார் என்று நம்பிக்கொண்டேதான் சொல்கிறேன், அவருக்கு கூப்பர்ஸ்டவுன் சுவரில் வெண்கலத் தகடு வேண்டும்.

காரணம் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. பட் செலிக். 1992 முதல் 2015 தொடக்கம் வரை கமிஷனர் என்ற பேஸ்பாலின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அதற்கு முன்னால் மில்வாக்கி அணியின் முதலாளி. ஸ்டீராய்டு யுகம் முழுக்க அவர் கண்காணிப்பில் நடந்ததுதான். 2017ல் அவருக்குத் தகடு வைத்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு டோனி லா ரூசா. அந்த யுகத்தின் ஹோம் ரன் நட்சத்திரம் மார்க் மெக்வயருக்கு ஓக்லாந்திலும் செயின்ட் லூயிஸிலும் மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக, இருந்தவர். தினமும் ஒரே லாக்கர் அறையில் இருந்தவருக்கு எதுவும் தெரியாது என்றால் முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

1994ல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம். அந்த வருடம் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். அவர்களைத் திரும்ப ஸ்டேடியத்துக்குக் கூட்டிவந்ததில் பெரிய பங்கு 1998 கோடைக்காலத்துக்கு உண்டு. 37 வருடமாக நின்ற 61 ஹோம் ரன் சாதனையை மெக்வயரும் சாமி சோசாவும் போட்டி போட்டுக்கொண்டு உடைத்தார்கள். 70, 66. அந்த ஆகஸ்டிலேயே ஒரு நிருபர் மெக்வயரின் லாக்கரில் ஆண்ட்ரோ என்ற தசை வளர்க்கும் மருந்து பாட்டிலைப் பார்த்து எழுதிவிட்டார். நடந்தது என்ன? எழுதினவரைத்தான் திட்டினார்கள். கல்லா நிறையும்போது யார் பாட்டிலைப் பார்ப்பார்கள்?

ஸ்டீராய்டு கூடாது என்று 1991லேயே அன்றைய கமிஷனர் அணிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். மருந்துச் சீட்டு இல்லாமல் வைத்திருப்பதே நாட்டுச் சட்டப்படி குற்றம். அதனால் "அப்போ தடையே இல்லையே" என்று வாதாட மாட்டேன், அது பொய். ஆனால் சோதனை என்று ஒன்று வந்ததே 2003ல்தான். அதுவும் பெயர் வெளியிடாத ஒத்திகை. 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால்தான் அடுத்த வருடம் நிஜச் சோதனை என்று பேச்சு. தாண்டியது. முதல் முறை சிக்கினாலே ஆடத் தடை என்பது 2005லிருந்து, அதுவும் பத்தே நாள். இந்தத் தாமதத்தில் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் பங்கு இருக்கிறது, முதலாளிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை.

2007ல் பாண்ட்ஸ் 755ஆவது ஹோம் ரன் அடித்து ஹேங்க் ஆரனின் பழைய சாதனையைத் தொட்டபோது செலிக் ஸ்டேடியத்தில் இருந்தார். எல்லோரும் கைதட்ட, அவர் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நின்றார். 1998ல் மெக்வயருக்குத் தட்டிய கைதானே அது? மாமியார் உடைத்தால் மண்குடம்.

புனிதம் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருமுறை அந்தச் சுவரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எச்சில், கிரீஸ் தடவிப் பந்து போடுவது 1920லேயே தடைசெய்யப்பட்டது. அதைச் செய்தேன் என்று ஊரறியச் சொன்ன பிட்சர் கேலார்ட் பெரி 1991ல் உள்ளே போனார். சுவரில் தகடு உள்ள மைக் ஷ்மிட் போன்றவர்களின் காலத்தில் ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்க மாத்திரை லாக்கர் அறையில் மிட்டாய் மாதிரி கிடந்தது. அது தடையானதே 2006ல்தான். பாஸ்டன் அணி முதலாளி டாம் யாக்கி, எல்லா அணிகளிலும் கடைசியாக 1959ல்தான் ஒரு கறுப்பின ஆட்டக்காரரைக் களமிறக்கினார். அவருக்கும் தகடு உண்டு. வாக்களிக்கிறவர்கள் ஆட்டத்தோடு நேர்மையையும் குணத்தையும் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது இவர்களில் யாரையும் தடுக்கவில்லை.

கிரிக்கெட் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஷேன் வார்ன் 2003 உலகக் கோப்பைக்கு முன்னால் தடைசெய்யப்பட்ட மாத்திரையில் சிக்கி ஒரு வருடம் வெளியே உட்கார்ந்தார். அம்மா கொடுத்த மாத்திரை என்றார். 2013ல் ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். நம்மில் எத்தனை பேர் முகம் சுளித்தோம்?

இவ்வளவு பேசிய பிறகும் என்னைத் தூங்கவிடாத ஒரு ஆள் உண்டு. அவருக்குப் பெயர் கிடையாது. மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே, பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருந்த, ஊசி போட மறுத்த ஆட்டக்காரர். அவர் இடத்தை ஊசி போட்டவன் எடுத்துக்கொண்டான். ரசிகன் ஏமாந்தான் என்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை, நான் கொடுத்த காசுக்கு அன்று காட்சி கிடைத்தது. ஆனால் இவர் இழந்தது வாழ்க்கை. 1996ல் ஸ்டீராய்டோடு மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியதை 2002ல் வெளிப்படையாக ஒத்துக்கொண்ட கென் கமினிட்டி, இரண்டே வருடத்தில் 41 வயதில் போதைப்பொருளால் இறந்தார். எடுத்தவர்களும் நன்றாக இருந்துவிடவில்லை.

அதனால்தான் எல்லோருக்கும் கதவைத் திற என்று நான் சொல்லவில்லை. கோடு ஒன்று போடத்தான் வேண்டும். என் கோடு 2005. விதி வந்தாயிற்று, சோதனை வந்தாயிற்று, தண்டனையும் தெரியும், அதற்குப் பிறகும் எடுத்தால் வெளியேதான். நாடாளுமன்றக் குழு முன்னால் விரலை நீட்டி "நான் எடுத்ததே இல்லை" என்று சொல்லிவிட்டு அதே வருடம் சிக்கிய ரஃபேல் பல்மேரோ, இரண்டு முறை மாட்டிய மேனி ராமிரெஸ், 2014 சீசன் முழுக்கத் தடை வாங்கிய அலெக்ஸ் ரோட்ரிகஸ், மூவருக்கும் என் வாக்கு இல்லை. ஸ்டீராய்டுக்காக பாண்ட்ஸ் ஒரு ஆட்டத்துக்குக்கூடத் தடை வாங்கியதில்லை. பிட்சர் ரோஜர் கிளெமன்ஸும் அப்படித்தான். பொய்சாட்சி வழக்கிலும் 2012ல் விடுதலையானார்.

2022ல் பத்திரிகையாளர்கள் வாக்களித்த கடைசி வாய்ப்பில் பாண்ட்ஸுக்கு 66 சதவீதம் கிடைத்தது. வேண்டியது 75. அதே நாளில் டேவிட் ஓர்டிஸ் முதல் முயற்சியிலேயே உள்ளே போனார். 2003 ஒத்திகையில் சிக்கியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததாக 2009ல் செய்தி வந்தது. அந்தச் சோதனை முடிவுகள் சிலவற்றில் சந்தேகம் இருந்தது என்று பிறகு பேஸ்பால் கமிஷனரே சொன்னார், சரி. எனக்கு ஓர்டிஸ் மேல் கோபமில்லை. ஆனால் ஓர்டிஸ் சிரிக்கிறவர், நிருபர்களோடு பேசுகிறவர். பாண்ட்ஸ் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறவர். வாக்குப் போட்டது நிருபர்கள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

தகட்டில் என்ன எழுதுவது என்று கேட்பார்கள். உள்ளதை எழுதலாம். 762, 73, ஏழு விருது, "ஸ்டீராய்டு வழக்கில் பெயர் அடிபட்டது". வெண்கலத்தில் இடம் இருக்கிறது. சாதனையை முறியடித்த 756ஆவது பந்தை ஒரு ஆடை வடிவமைப்பாளர் 752,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, அதில் சந்தேகத்துக்கு அடையாளமான நட்சத்திரக் குறி பொறித்து கூப்பர்ஸ்டவுனுக்கே கொடுத்தார். அவர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பந்தில் குறி போட்டு உள்ளே வைக்க முடிந்தவர்களுக்கு ஆளின் தகட்டில் ஒரு வரி சேர்ப்பது என்ன கஷ்டம்?

இப்போது புது விதி ஒன்று வந்திருக்கிறது. 5 வாக்குகூட வாங்காதவர் அடுத்த சுற்றில், அதாவது 2028ல், பட்டியலிலேயே வர முடியாது. 2031தான். அப்போது பாண்ட்ஸுக்கு 67 வயது. அந்தத் தடவையும் 5 தேறாவிட்டால் அவர் பெயரை இனி எந்தக் குழுவும் எடுக்காது.