உண்மை விளக்கம்: அந்த நடனப் படம் 1518-இல் வரைந்தது அல்ல

"1518-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 400 பேர் ஆடி ஆடியே செத்தார்கள், நேரில் பார்த்தவர் வரைந்த படம் இது" என்று ஒரு பழைய செதுக்கோவியம் (தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம்) வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இன்று பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்கில் அந்த ஆண்டு பலர் நிறுத்த முடியாமல் ஆடியது உண்மை. படம் அதனுடையது அல்ல.

இது ஹென்ட்ரிக் ஹோண்டியஸ் என்ற டச்சு செதுக்கோவியர் 1642-இல் வெளியிட்டது. மூலம், மூத்த பீட்டர் புரூகல் என்ற ஓவியரின் பெயரில் 1564 என்று தேதியிட்ட ஒரு கோட்டோவியம். 1518-இல் புரூகல் பிறக்கவே இல்லை! காட்சி, பிரஸ்ஸல்ஸை ஒட்டிய மோலன்பேக்கிற்கு புனித யோவான் திருநாளில் போகும் யாத்திரை. ஆடிக்கொண்டே பாலத்தைக் கடந்தால் ஓராண்டுக்கு நோய் அண்டாது என்பது அன்றைய நம்பிக்கை.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பெண்ணையும் இருபுறமும் இரண்டு ஆண்கள் கைத்தாங்கலாகப் பிடித்திருக்கிறார்கள். பக்கத்தில் துருத்திக்குழல் (பேக்பைப்) ஊதுகிறவர்கள். தறிகெட்ட கூட்டமா இது? ஏற்பாடு செய்த ஊர்வலம்.

மூலக் கோட்டோவியத்தோடு ஒப்பிடுவதானால், இடம் வலத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செப்புத் தகட்டில் செதுக்கியது தாளில் கண்ணாடிப் பிம்பமாகத்தான் விழும்.

400 என்பதும் ஆடியவர்களின் எண்ணிக்கையாகச் சொல்லப்படுவது. இறந்தவர் கணக்கு அல்ல.

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் இணையத் தொகுப்பில் ஹோண்டியஸ் பெயரைத் தேடினால் அச்சுப்படி கிடைக்கும். கோட்டோவியம் வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.