வரமாட்டோம் என்று சொன்ன கேப்டன்

“நாட்டுக்காக விளையாடுகிறவர்கள் காசைப் பற்றிப் பேசலாமா?” இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கூடவே மேகன் டுகன் நினைவுக்கு வருவார். அமெரிக்கப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் கேப்டனாக இருந்தவர்.

மாசசூசெட்ஸ் மாநிலம் டான்வர்ஸ் ஊர்க்காரர். 1998 நாகானோ ஒலிம்பிக்கில்தான் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. தங்கம் அமெரிக்காவுக்கு. அந்த அணியில் ஆடிய கிரெட்சன் உலியனின் ஜெர்சியைப் போட்டு, பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தபோது டுகனுக்குப் பத்து வயது. அன்றே முடிவு செய்துவிட்டாராம், தானும் ஒலிம்பிக்கில் ஆட வேண்டும் என்று.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2009, 2011 என மூன்று முறை தேசியக் கல்லூரி ஹாக்கி சாம்பியன் பட்டம் வென்றார். 2011இல் கல்லூரிப் பெண்கள் ஹாக்கியின் மிகப் பெரிய விருதான பேட்டி காஸ்மையர் விருதும் கிடைத்தது. சரி, அதற்கப்புறம்? இதே திறமையுள்ள ஆணுக்கு என்.எச்.எல். என்ற தொழில்முறை ஹாக்கி லீக் இருக்கிறது, லட்சக்கணக்கில் டாலர் சம்பளம் இருக்கிறது. பெண்ணுக்கு? ஒலிம்பிக்கை ஒட்டிய ஆறு மாதங்களுக்கு மட்டும் தேசிய ஹாக்கி சங்கம் மாதம் 1,000 டாலர் கொடுத்தது. நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் 6,000. மற்ற நாட்களில் வேறு வேலை பார்த்துக்கொண்டே உலகத்தரத்தில் ஆட வேண்டும். அதே சங்கம் பையன்களுக்கான பயிற்சித் திட்டத்துக்கு ஆண்டுக்கு 35 லட்சம் டாலர் செலவு செய்துகொண்டிருந்தது.

பணம் மட்டும் இல்லை. 2014 ஒலிம்பிக் ஜெர்சியில் ஆண்கள் தங்கம் வென்ற 1960, 1980 ஆண்டுகள் இருந்தன. பெண்கள் வென்ற 1998 இல்லை. இதை எப்படி மறக்க முடிந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

2017 மார்ச் 15 அன்று, உலக சாம்பியன்ஷிப் சொந்த மண்ணில் மிச்சிகனில் தொடங்க இரண்டே வாரம் இருந்தபோது, “ஒப்பந்தத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் ஆட வரமாட்டோம்” என்று அணி மொத்தமும் அறிவித்தது. சங்கம் மாற்று ஆட்டக்காரர்களைத் தேட ஆரம்பித்தது. இங்கேதான் நான் டுகனையும் அவர் தோழிகளையும் வணங்குகிறேன். போனை எடுத்து ஒவ்வொருவராக அழைத்தார்கள். கல்லூரி மாணவிகள், பள்ளிப் பிள்ளைகள் வரை பேசினார்கள். நாட்டின் ஜெர்சியைப் போட வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கக்கூடிய பெண்கள் அவர்கள். அந்த வயதில் நான் மறுத்திருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவர்கள் மறுத்தார்கள். மாற்று அணி ஒன்று உருவாகவே இல்லை.

மார்ச் 28 அன்று சங்கம் இறங்கி வந்தது. நான்காண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்றே நாளில் போட்டி தொடங்கியது. இறுதிப்போட்டியில் கனடாவை ஓவர்டைமில் 3-2 என வென்றார்கள். வெற்றி கோலை அடித்தவர், விஸ்கான்சினில் டுகனுடன் ஆடிய ஹிலரி நைட்.

அடுத்த ஆண்டு பியோங்சாங் ஒலிம்பிக். 2014 சோச்சி இறுதிப்போட்டியில் இதே கனடாவிடம், 2-0 என முன்னிலையில் இருந்து, கடைசி மூன்றரை நிமிடத்தில் கைநழுவவிட்டுத் தோற்ற அணி இது. கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டதால் காலியாக இருந்த கனடா கோலை நோக்கி அமெரிக்கா அடித்த பக் (பந்துக்குப் பதிலான தட்டு) கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அன்றும் டுகன்தான் கேப்டன். இந்த முறை ஷூட்அவுட் வரை போய் ஜெயித்தார்கள். இருபது ஆண்டு கழித்துத் தங்கம். “பணம் கேட்டால் ஆட்டத்தில் கவனம் போய்விடும்” என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு இறுதிப்போட்டிகளையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

2024 ஜனவரியில் வட அமெரிக்காவில் பெண்களுக்கான புதிய தொழில்முறை லீக் தொடங்கியது. வீராங்கனைகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துப் பேசி வாங்கிய ஒப்பந்தத்தில் முதல் பருவத்துக்கான குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர். கல்லூரி முடித்த பெண்கள் இன்று அங்கே போகிறார்கள். டுகன் அதில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2020 அக்டோபரிலேயே ஓய்வு பெற்றுவிட்டார்.