சட்டை மாட்ட ஒரு ஆணி, சைக்கிள் பூட்ட ஒரு கம்பி

செங்கோட்டையிலிருந்து தென்காசிக்குச் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். "இந்த வயசுல கால் வலிக்காதா சார்?" என்று கேட்காத ஆள் இல்லை. காலுக்கு ஒன்றும் இல்லை. என்னைப் படுத்துவது சட்டையும் பூட்டும்தான்.

ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்தே வரும். காலையில் கிழக்கே மிதிக்கும்போது காற்று முதுகைத் தள்ளிவிடும். சாயங்காலம் அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். குற்றாலத்துக்குக் காசு செலவழித்து நனைய வருகிறார்கள், நான் ஓசியில் நனைகிறேன். ரெயின்கோட் போட்டுப் பார்த்தேன். மழை வெளியே, வேர்வை உள்ளே, ஆபீஸ் போய்க் கழற்றினால் இரண்டு பக்கமும் ஈரம். தொளதொள அங்கி போட்டால் ஆடிக் காற்றில் பாய்மரம்தான்.

இப்போது சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் பனியன் போட்டு மிதிக்கிறேன். ஆபீஸ் சட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கேரியரில் வரும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் சாயங்காலம் வரை காயாது, தொடையை அறுத்துவிடும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஊரெல்லாம் சுற்றியவர். அவர் சைக்கிளில் செயினை முழுசாக மூடிய கவர் இருந்தது. என் கியர் சைக்கிளில் அது இல்லை. வலது கால் பேண்ட் ஓரத்தில் கறுப்பாகப் பல் பல்லாகக் கிரீஸ் தடம் விழும். தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டால் முக்கால்வாசி போகும். கறிவேப்பிலைக் கட்டிலிருந்து எடுத்த ரப்பர் பேண்டைக் கணுக்காலில் மாட்டிக்கொண்டால் அந்த வேலையும் மிச்சம்.

பூட்டுக் கதை வேறு. ஒரு ஸ்டாண்டில் முன்சக்கரத்தைக் குழாயோடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் பூட்டு பத்திரம், சக்கரம் பத்திரம், சைக்கிளைத்தான் காணோம். லீவரைத் திருப்பினால் கழன்றுவிடும் சக்கரத்தை மட்டும் பூட்டியது என் புத்தி. அதிலிருந்து சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துத்தான் பூட்டுகிறேன், அதுவும் யு வடிவ இரும்புப் பூட்டால். மெல்லிய கேபிளெல்லாம் கட்டிங் பிளேயருக்குக் காணாது.

ஆனால் எதோடு சேர்த்துப் பூட்ட? பேர் சைக்கிள் ஸ்டாண்டு, உள்ளே முழுக்க பைக். ஆபீசிலும் அதே கதைதான். "ஜெனரேட்டர் ரூம் பின்னாடி சாத்திருங்க" என்கிறார் வாட்ச்மேன் அண்ணாச்சி. ஆள் நடமாட்டமே இல்லாத இடம், திருடனுக்கு அதைவிட வசதி ஏது? பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் தருகிறது, நல்ல காரியம். படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்தால் அதை நிறுத்த இடம் கிடையாது.

நான் கேட்பது ஷவரும் லாக்கரும் இல்லை. வாட்ச்மேன் கண்ணில் படும் இடத்தில், கூரைக்குக் கீழே, கவிழ்த்த 'ப' மாதிரி வளைத்து சிமெண்டில் ஊன்றிய ஒரு இரும்புக் குழாய். இரண்டு பக்கமும் சாய்த்தால் இரண்டு சைக்கிள் நிற்கும். அப்புறம், ஈரத்துணி காயப்போட ஒரு ஆணி.

மேனேஜரிடம் சொன்னேன். "நீங்க ஒருத்தர்தானே சார் சைக்கிள்ல வர்றீங்க?" என்றார். இடமே இல்லாதபோது இரண்டாவது ஆள் எப்படி வருவார்?

குழாய்க்கு இன்னும் பதில் இல்லை. ஆணியை நானே ரெக்கார்டு ரூம் கதவுக்குப் பின்னால் அடித்துவிட்டேன். போன வாரம் அதில் யாரோ ஒரு துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். யாரென்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.