துப்ரோவ்னிக்: மதிலை அப்புறம் பார்க்கலாம்

குரோஷியாவின் துப்ரோவ்னிக் என்றால் நம் ஆட்களுக்கு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற டிராகன் தொடர் எடுத்த ஊர். வருகிற படங்களும் அப்படித்தான்: மதில்மேல் ஒரு செல்ஃபி, பின்னால் ஆரஞ்சு ஓடுகள், நீலக் கடல். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஊரைக் காப்பாற்றியதே அந்த 2 கிலோமீட்டர் மதில்தான் என்று எழுதுகிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் காலத்தில் ரகுசா என்ற பெயரில் அது ஒரு குட்டிக் குடியரசு. ஒரு பக்கம் வெனிஸ், மறுபக்கம் ஓட்டோமான் பேரரசு. சுல்தானுக்கு ஆண்டுக்கு 12,500 டுகாட் (தங்க நாணயம்) கப்பம் கட்டிவிட்டு, அவர் நாட்டுக்குள்ளேயே ஜோராக வியாபாரம் செய்தார்கள். ஊரைக் காப்பாற்றியது இந்தச் சாமர்த்தியம்தான். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் கடை வைத்துப் பிழைத்ததில்லை என்பது என் கருத்து.

முதலில் ரெக்டர் மாளிகைக்குப் போங்கள். ரெக்டர்தான் நாட்டுத் தலைவர். பதவிக்காலம் ஒரே மாதம்! அரசு வேலை தவிர வேறெதற்கும் மாளிகையை விட்டு வெளியே வரக் கூடாது. குடும்பம் வேறு வீட்டில். மாதம் முடிந்தால் 2 ஆண்டுக்கு அந்தப் பதவிப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. பேரவை வாசலுக்கு மேலே லத்தீனில் பொறித்திருக்கிறார்கள்: 'சொந்த விவகாரத்தை மறந்துவிட்டுப் பொது விவகாரத்தைப் பாருங்கள்.' பிரபுக்கள் ஆட்சிதான், சாமானியனுக்கு அதில் இடமில்லை. இருந்தாலும் முற்றத்தில் சிலையாக நிற்பது மிஹோ ப்ராட்சட் என்ற கப்பல் முதலாளி. பிரபு குலமல்ல, சொத்தைக் குடியரசுக்கு எழுதி வைத்தவர்.

கொள்ளைநோய்ப் பகுதியிலிருந்து வருபவர்களை 30 நாள் ஊருக்கு வெளியே நிறுத்தி வைக்க 1377இலேயே சட்டம் போட்டது இந்த ஊர். பிற்காலத்தில் அதற்கென்று கட்டிய லாசரெட்டி கட்டடங்கள் கிழக்கு வாசலுக்கு வெளியே இன்றும் இருக்கின்றன. அடிமை வியாபாரத்துக்கு 1416இல் தடை. 1667 நிலநடுக்கம் ஊரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியது. குடியரசு எழுந்து, 1808இல் நெப்போலியன் படையால் முடிவுக்கு வந்தது.

நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டிய, ஊரின் முக்கியத் தெருவான ஸ்ட்ராடுனின் கடைகளைக் கவனியுங்கள். கதவும் ஜன்னலும் ஒரே வளைவுக்குள். ஜன்னலின் கீழ்விளிம்புக் கல்தான் கல்லாமேசை. காலடி பட்டுப் பட்டு வழுவழுப்பான சுண்ணாம்புக்கல் தரை, வெயிலிலும் ஈரம்போல மின்னும்.

சரி, மதிலிலும் ஏறுங்கள். கூரைகளில் மங்கிய ஓடு பழசு. பளிச்சென்று இருப்பவை பெரும்பாலும் 1991இல் யூகோஸ்லாவியப் படையின் முற்றுகையில் குண்டு விழுந்தபின் மாற்றியவை.

இப்போதைய முற்றுகை சொகுசுக் கப்பல்களுடையது. ஒரே நேரத்தில் 2 கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று 2019இலிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அப்படியும் ஜூலை, ஆகஸ்டில் ஸ்ட்ராடுனில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஏப்ரலிலோ அக்டோபரிலோ போங்கள்.