உடற்கல்வி நாளில் வேனில் சண்டை இல்லை

பதினொரு வருஷமாக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். எந்த வகுப்புக்கு என்றைக்கு உடற்கல்வி என்ற கால அட்டவணை என்னிடம் இல்லை. ஆனால் மத்தியானம் பிள்ளைகள் ஏறும் விதத்திலேயே தெரிந்துவிடும். திடலில் ஓடிவிட்டு வந்த நாளில் வேன் முழுக்க வியர்வை நாற்றம், சப்பாத்தெல்லாம் செம்மண். ஆனால் சண்டை இருக்காது. பின் சீட்டில் இரண்டு பேர் வாயைத் திறந்தபடி தூங்குவார்கள். மற்ற நாளில் நான் கதவைச் சாத்துவதற்குள் ஒருத்தன் இன்னொருத்தனின் தண்ணீர்ப் புட்டியைப் பிடுங்கியிருப்பான்.

போன மாதம் நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் விளையாட்டுச் சட்டையோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினான். சட்டையில் ஒரு சொட்டு அழுக்கில்லை.

"என்ன தம்பி?"

"கணக்கு முடிக்கலன்னு எங்க கிளாஸையே திடலுக்கு விடல அங்கிள்."

எனக்குக் கோபம் வந்தது. கணக்கு வராத பிள்ளைக்குக் கணக்கைக் கூடுதலாகச் சொல்லிக்கொடுங்கள், சரி. ஓட்டத்தை ஏன் பிடுங்க வேண்டும்? ஓடியதற்குத் தண்டனையாக யாரும் கணக்குப் பாடத்தை நிறுத்துவதில்லையே!

காலை 6.10க்கு இருட்டில் ஏற்றுகிறேன். அதிலிருந்து உட்கார்ந்தபடிதான். 20 நிமிட ஓய்வில் பாதி, நாசி லெமாக் வாங்க வரிசையிலேயே போய்விடும். 1.15க்கு மறுபடி என் சீட்டு. அப்புறம் டியூஷன். உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம் உடம்பை நன்றாக அசைக்க வேண்டும் என்கிறது. நம் தொடக்கப்பள்ளியில் உடற்கல்விக்குக் கிடைப்பது ஒரு வாரத்துக்கு 60 நிமிடம். அதிலும் கைவைத்தால்? 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி அந்த வயதுப் பிள்ளைகளில் 10 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு எடை அதிகம்.

நாங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பால்மரங்களுக்கு நடுவே நடந்தே பள்ளிக்குப் போனோம். சாயங்காலம் தோட்டத்துத் திடலில் பந்து. இப்போது அந்தத் திடலில் பாதி செம்பனை, நாங்களும் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். லாரியும் நாயும் இருக்கிற சாலையில் பிள்ளையைத் தனியாக விட யாருக்கும் மனசு வராது. அதனால்தான் எனக்குப் பிழைப்பு. என் வேனில் ஏறும் ஒரு பிள்ளையின் வீடு பள்ளியிலிருந்து 800 மீட்டர். 1998 காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடந்து தங்கம் வாங்கிய ஜி. சரவணன் பிறந்த நாடு இது!

ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 2012இல் ஒரு தலைமையாசிரியர் தினமும் 15 நிமிடம் பிள்ளைகளை வெளியே ஓடவோ நடக்கவோ விட்டார். போட்டி இல்லை, சட்டை மாற்ற வேண்டியதில்லை, சாமான் எதுவும் வேண்டாம். இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். இங்கே வெயில் ஏறும் முன், காலை சபைகூடல் முடிந்ததும் இரண்டு சுற்று விட்டாலே போதும். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை, தெரியும். வாரம் இரண்டு நாள் நானே வந்து திடலோரம் நிற்கத் தயார். பிள்ளைகளை இறக்கிவிட்டபின் எனக்கு எப்படியும் காப்பிக்கடைதான்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். தனியாகக் கேட்டால் 'வேன்காரனுக்கு என்ன தெரியும்' என்பார்கள். நாலு பெற்றோர் கூட வாருங்கள். அன்றைக்கு வேன் இலவசம்.